இணைப்பு அறுந்தது என்று ஒரு வரி

1

ஃபின்லாந்தின் ஔலு நகரில் நான் குடியேறிப் பதினோராண்டுகள் இந்த வாரம் நிறைவுற்றன. அதே வாரத்தில், சென்ற ஆண்டு நானே நீக்கிய ஒரு வரியை நானே மீண்டும் சேர்த்தேன், அது ஏற்கப்பட்டது. முதல் செய்தியைக் குறிக்க இங்குள்ள குடியேற்ற அலுவலகத்தின் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டாவதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்.

அந்த வரி இல்லாமற்போனதால் ராஜகீழ்ப்பாக்கத்தில் என் தாயார் ஒரு மதிய வேளையில் ஐம்பது நிமிடம் லிஃப்டுக்குள் அடைபட்டிருந்தார். அதன்பின் ஏறத்தாழ இரண்டு மாதம் அவர் மூன்றாம் மாடியை விட்டு இறங்கவில்லை.

என் வேலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கணினிக்குள் செருகப்படும் வலையமைப்பு அட்டை ஒன்று உண்டு. கம்பி வழியே வரும் இணையத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது அதுதான். அட்டைக்கும் கணினிக்கும் இடையே நின்று பேசும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதைத்தான் நான் எழுதுகிறேன். சேலையூரில் ஒரு திருமணத்தில் அம்மா இதைப் பெருமையாகச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் மரியாதையுடன் “பஸ்ஸா, லாரியா?” என்று விசாரித்தாராம்.

டிரைவர் நிரல் தனக்கு நடப்பதையெல்லாம் கணினியின் பதிவேட்டில் வரி வரியாக எழுதிக்கொண்டு போகும். விழித்துக்கொண்டேன், நினைவகம் பெற்றேன், இணைப்பு வந்தது, இணைப்பு அறுந்தது, மீண்டும் வந்தது. எழுதியவர்கள் தம் சோதனைக்காகச் சேர்த்த வரிகளைப் பின்னர் எடுக்காமலே விட்டுவிடுவார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வரிகளைக் குறைப்பதுதான் சென்ற ஆண்டு எனக்குத் தரப்பட்ட பணி.

2

அந்தப் பணி வேண்டாத பணி என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரிடம் அட்டை சூடேறிப் பழுதாகப்போகிறது என்பதை எங்கள் டிரைவர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல்லாயிரம் வெற்றுச் செய்திகள் இருந்ததால் எவர் கண்ணிலும் அது படவில்லை. எல்லாவற்றையும் சொல்கிறவன் எதையுமே சொல்லாதவனுக்குச் சமமாகிவிடுகிறான். ‘ஒழுங்காக வேலை செய்யும் டிரைவர் அமைதியாக இருக்க வேண்டும்’ என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத விதி.

இந்த ஊருக்கு அந்த விதி மிகவும் பொருந்தும். எங்கள் குடியிருப்பில் நான் கதவைத் திறக்கும் ஓசை கேட்டால் எதிர்வீட்டுக்காரர் தம் கதவைத் திறக்காமல் நான் போகும்வரை காத்திருப்பார். அது வெறுப்பன்று, எனக்கு வணக்கம் சொல்லும் சிரமத்தை எனக்குத் தராமல் இருக்கிறார். முதல் இரண்டு ஆண்டுகள் இது என்னை வருத்தியது. பின்னர் நானும் கதவுக்குப் பின்னால் நிற்கப் பழகிவிட்டேன். ஆண்டு மதிப்பீட்டில் என் மேலாளர் என்னை ‘அமைதியானவர்’ என்று குறித்தபோது அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவும் பழகியிருந்தேன்.

வரிகளைக் குறைப்பதற்காக ஐந்து பேர் இரண்டு நாள் ஓர் அறையில் உட்கார்ந்தோம். மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றை நான் தயாரித்திருந்தேன். வரி என்ன, அதைப் படிப்பவர் யார், முடிவு என்ன. மொத்தம் முப்பத்தொரு வரிகள். ‘இணைப்பு அறுந்தது’ என்ற வரி வந்தபோது நடுப்பத்தியில் என்ன எழுதுவது என்று கேட்டேன். கம்பி ஆடினாலே அது வரும்; இணைப்பின் நிலையை அறிய வேறு முறையான வழிகள் உண்டு; எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்த வழிகளையே பயன்படுத்துகிறார்கள். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் அடுத்த வரியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். நடுப்பத்தியில் ‘எவருமில்லை’ என்று எழுதினேன். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தவை என் விரல்கள்தாம்.

வரி முற்றிலும் அழிக்கப்படவில்லை. கேட்டால் மட்டும் பேசும் நிலைக்கு இறக்கப்பட்டது. ஆனால் கேட்க வேண்டும் என்பது தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

3

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் அடுக்ககம் இருக்கிறது. நான்கு மாடி, பதினாறு வீடுகள், ஒரு லிஃப்ட். அப்பா மறைந்த பிறகு அம்மா அங்கே தனியாக வாழ்கிறார். தாம்பரத்தில் ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் தரம் பார்த்தவர். காலர் கோணலாக இருந்தால் இன்றும் வழிப்போக்கரைக்கூட நிறுத்திச் சொல்லிவிடுவார். நின்று செய்த அந்த வேலை அவருடைய முழங்கால்களை எடுத்துக்கொண்டது, படியிறங்க இயலாது. மாலை நான்கரைக்கு லிஃப்டில் இறங்கி, சந்திப்பு வரை நடந்து, காய் வாங்கி, பழைய தோழியர் இருவருடன் நிழற்குடையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்புவதுதான் அவருடைய நாள்.

அந்த லிஃப்டுக்கு ஒரு குறை உண்டு. அதுவும், படிக்கட்டு விளக்குகளும், தண்ணீர் மோட்டாரும், அடுக்ககத்துக்கு இணையம் தரும் பெட்டியும் ஒரே பொது மின்வழியில் இருக்கின்றன. மோட்டார் தானாக ஓடத் தொடங்கும்போது சில வேளைகளில் பொது வழியின் சுவிட்ச் விழுந்துவிடும். படிக்கட்டின் கீழே இருக்கும் அந்தச் சுவிட்சை மேலே தள்ளினால் எல்லாம் சரியாகிவிடும். சிக்கல் என்னவென்றால், பொது வழி விழுந்தாலும் வீடுகளில் மின்சாரம் இருக்கும், மின்விசிறி சுற்றும், ஆகையால் லிஃப்ட் நின்றது எவருக்கும் தெரியாது. உள்ளேயிருக்கும் அபாய மணியின் பேட்டரி என்றோ செத்துவிட்டது. கைபேசிக்கும் அங்கே சிக்னல் கிடையாது.

அந்த அடுக்ககத்துக்கும் சுற்றியுள்ள தெருக்களுக்கும் இணையம் தருபவன் யூசுப். ஆறாம் வகுப்பிலிருந்து என் நண்பன். நான் குரோம்பேட்டையில் பொறியியல் படித்தபோது அவன் பாலிடெக்னிக்கில் படித்தான். பிறகு அண்ணனுடைய கேபிள் டிவி கடையை இணையக் கடையாக மாற்றினான். கடையிலுள்ள கணினியில் இருப்பது எங்கள் நிறுவனத்தின் அட்டை. நான்கு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது நானே பொருத்திக் கொடுத்தேன். அதற்கான புதிய நிரல்களை இங்கிருந்தபடியே போட்டுவிடுவதும் நான்தான். வரிகள் குறைக்கப்பட்ட டிரைவரையும் அப்படித்தான் போட்டேன். போட்டதை அவனிடம் சொன்னேன். என்ன மாறியது என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

4

முதலில் கவனித்தது என் மகள். யாழினிக்குப் பத்து வயது. அவளுடைய தமிழ் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எடுத்து உடுத்தும் உடையைப் போன்றது. ஃபின்னிஷ் பேச்சில் மனிதரையும் பொருளையும் ஒரே சுட்டுச் சொல்லால் குறிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் “பாட்டி வந்துச்சா, அது சாப்பிட்டுச்சா” என்பாள். நான் திருத்துவேன். ஒருமுறை யூசுப் இதைக் கேட்டுவிட்டு, “விடு மச்சான், நம்ம ஏரியால எல்லாரும் அப்படித்தான் பேசுறோம். பாப்பா கரீட்டா கீது” என்றான்.

ஒரு ஞாயிறு அம்மாவுடன் பேசி முடித்த பிறகு அவள் கேட்டாள். “பாட்டி பின்னாடி ஏன் எப்பவும் அதே சுவரு?”

முன்பெல்லாம் அம்மா சந்திப்பிலிருந்தோ கீழே சிமெண்ட் பலகையிலிருந்தோ அழைப்பார். பின்னால் பேருந்து போகும். இப்போது சில வாரங்களாகக் காலண்டர் தொங்கும் சுவர் மட்டுமே தெரிந்தது. வெயிலாக இருக்கும் என்று மகளிடம் சொன்னேன். அது ஜனவரி மாதம். அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை, மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த வாரம் யூசுப் அழைத்தான். நான் பனியில் மிதிவண்டியை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தேன்.

“மச்சான், பிசியா?”

“சொல்லு.”

“நீ அப்டேட் போட்டல்ல, அதுலேர்ந்து நம்ம பொட்டி ஊமையாயிடுச்சுடா.”

“நெட் வரலியா?”

“நெட்டெல்லாம் ஜம்முனு போவுது. ஒரு லைன் கட்டானா பொட்டில ஒரு வரி வரும்ல, லிங்க் டவுன்னு? அது வர மாட்டேங்குது. என் ஸ்கிரிப்ட்லதான் இன்னாவோ கோளாறுன்னு ஒரு மாசமா நோண்டிக்கினு கீறேன். உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்.”

“எந்த ஸ்கிரிப்ட்?”

சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னான். அடுக்ககத்தில் பொது மின்வழி விழுந்தால் இணையப் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் கடையிலுள்ள கணினியில் அந்த வரி வரும். வரி வந்ததும் தன் கைபேசி ஒலிக்கும்படி அவனே ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறான். ஒலித்தால் உடனே அடுக்ககக் காவலர் பெருமாளை அழைத்து, லிஃப்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்வான். பெருமாள் எடுக்காவிட்டால் தானே வண்டியில் போய்ச் சுவிட்சைத் தள்ளிவிடுவான். இரண்டு மூன்று பேரை இப்படி வெளியே எடுத்திருக்கிறான். அவர்களுக்கே அது தெரியாது. லிஃப்ட் சற்று நின்று பிறகு ஓடியது என்று நினைத்திருப்பார்கள்.

“அந்த வரியை நீ படிக்கிறியா?” என்றேன்.

“பின்ன? எங்க ஏரியாவே அதுலதான்டா ஓடுது. உங்கம்மா மாட்டினது அன்னிக்கு அது வராததாலதான் எனக்குத் தெரியல.”

“எங்க மாட்டினாங்க?”

“லிஃப்ட்லதான். இன்னாடா, அம்மா சொல்லலியா?”

என்ன நடந்தது என்று கேட்டேன். விவரத்தைச் சொன்னான். மதியம் ஒன்றரை மணி, பெருமாள் சாப்பிடப் போயிருந்த நேரம்; அம்மா அன்று மட்டும் முன்கூட்டியே காய் வாங்கித் திரும்பியிருந்தார். திரும்பி வந்தவர் தொட்டியில் தண்ணீர் ஏறாததைக் கண்டு சுவிட்சைத் தள்ளியிருக்கிறார். லிஃப்ட் தானாகக் கீழே வந்து கதவு திறந்தபோது, அம்மா தரையில் காய்ப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பெருமாளைப் பார்த்து முதலில் அவர் கேட்டது, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்பது.

5

அன்றே அம்மாவை அழைத்தேன்.

“ஏம்மா சொல்லல?”

“யூசுப் சொல்லிட்டானா? சொன்னா மட்டும் என்ன, நீ அங்கேர்ந்து வந்து கதவைத் திறந்துவிடுவியா?”

“அதுக்கில்லம்மா.”

“மாட்டினேன், வந்துட்டேன், முடிஞ்சுபோச்சு. இதையெல்லாம் உனக்கு எதுக்குச் சொல்லிட்டிருக்கணும்?”

“முடிஞ்சுபோச்சுன்னா ஏன் கீழே போறதில்ல?”

முழங்கால் வலி என்றார். வலிக்குத்தானே லிஃப்ட் என்றேன். காலண்டர்த் தாள் மின்விசிறிக் காற்றில் புரளும் ஓசை கேட்டது.

“உள்ள இருக்கும்போது எல்லார் வீட்டுச் சத்தமும் கேட்டுதுடா,” என்றார். “ரெண்டாவது மாடில மிக்சி ஓடுது. யார் வீட்லயோ டிவி. கரண்டு இருக்கு, ஆளும் இருக்கு. தட்டினேன், கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல. அதான் பிடிக்கல. வேற ஒண்ணுமில்ல.”

காய் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். கீழே தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் கன்னியம்மாள் வாங்கி வந்து தருகிறாளாம். தோழியர் இருவரும் ஒருமுறை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

நான் ஒரு வரியை எடுத்ததால் யூசுபின் கைபேசி ஒலிக்கவில்லை என்பதை அவரிடம் சொன்னேன். தொழில்நுட்பத்தைச் சுருக்கியும், என் பங்கைச் சுருக்காமலும் சொல்ல முயன்றேன். அவர் கோபப்படவில்லை. “சரி, திரும்பப் போட்டுடு,” என்றார். பிறகு, “போட்டா வேலை செய்யும்னு யார் செக் பண்ணுவா?” என்றார்.

நான் சோதிப்பேன் என்றேன்.

“தைச்சவனே செக் பண்ணா அது செக்கிங் இல்லடா,” என்றார்.

6

யூசுபின் கணினியில் அந்த வரியை மீண்டும் பேசச் செய்ய எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் டிரைவர் உலகெங்கும் ஓடுகிறது. நான் அறிந்த ஒரு யூசுப் இருக்கிறான் என்றால், அறியாத யூசுப்கள் எத்தனை பேர் என்பதை என்னால் கணக்கிட முடியாது. அவர்கள் எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் இல்லை. எங்கள் அறையில் ஐந்தாவது நாற்காலிக்குப் பிறகு இடமில்லை. மறுபுறம், அவர்களை எண்ணி எல்லா வரிகளையும் திரும்பக் கொண்டுவந்தால் சூடேறிய அட்டையின் எச்சரிக்கை மறுபடியும் மூழ்கும். முப்பது வரிகளை நீக்கியது சரி என்றும் ஒன்றை நீக்கியது பிழை என்றும் முடிவு செய்ய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வரியை மட்டும் திரும்பச் சேர்க்கும் திருத்தத்தை, காரணக் குறிப்புடன் பொதுப் பார்வைக்கு அனுப்பினேன்.

திருத்தங்களை ஏற்கும் பொறுப்பிலிருப்பவர் யானா என்ற பெண்மணி. பிராக் நகரிலிருந்து கடுமையாகவும் நேர்மையாகவும் எழுதுபவர். பதிவுச் செய்தி என்பது யாருக்கும் அளித்த வாக்குறுதியன்று என்று எழுதினார். ஒரு கட்டடத்தின் பாதுகாப்பு எங்கள் டிரைவரின் ஒரு வரியைச் சார்ந்திருக்க வேண்டும் என்கிறீர்களா என்று கேட்டார். இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது என்று சொல்கிறேன் என்று பதிலெழுதினேன். நான்கு நாள் கழித்து அவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையுடன். காரணக் குறிப்பில் தாயாரும் லிஃப்டும் வேண்டாம், பொதுவாக எழுதுக. ‘சிறு வலையமைப்புகளை நடத்துவோர் சிலர் இச்செய்தியைக் கவனித்து வருகின்றனர்’ என்று மாற்றினேன். அம்மா ‘சிலர்’ என்பதற்குள் போய்ச் சேர்ந்தார். யானா சொன்னது முறைதான். அதை மாற்றும்போது எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

இதே வேளையில் லிஃப்டின் பேட்டரியை மாற்றவும் மோட்டாரைத் தனி மின்வழிக்குக் கொண்டுபோகவும் அடுக்ககச் சங்கத்துக்கு விண்ணப்பித்தேன். வீடு என் பெயரில் இருப்பதால் என் ஒப்புதல் கடிதம் மையினால் கையொப்பமிட்டு வர வேண்டும் என்றார் செயலாளர். அஞ்சலில் அனுப்பினேன். கையொப்பம் பழைய ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். “தப்பா நெனைக்காதீங்க சார், இது வேற ஆள் போட்ட மாதிரி இருக்கு,” என்றார். பழைய ஆவணத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பழையதில் தமிழில் முழுப்பெயர் இருந்தது. இங்கே பதினோராண்டுகளாகப் படிவங்களில் போட்டுப் போட்டு அது இரண்டு கோடுகளாகத் தேய்ந்திருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் பழைய கையொப்பத்தைப் பார்த்துப் பலமுறை எழுதிப் பழகி, மறுபடியும் அனுப்பினேன். தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

7

அதுவரை இருப்பது அந்த வரி மட்டுமே. அம்மா அதைச் சோதிக்கத் தொடங்கினார். மூன்று பீஸ் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை என்பது அவருடைய பழைய தொழிற்கூடத்து வழக்கமாம்.

முதல் சோதனை வெற்று லிஃப்டில். பெருமாள் சுவிட்சைக் கீழே தள்ளினார், யூசுபின் கைபேசி உடனே ஒலித்தது, அவன் அழைத்தான், பெருமாள் சுவிட்சை மேலே தள்ளினார். நான் இங்கிருந்து மகிழ்ந்தேன். அம்மா மகிழவில்லை. அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான், அதனால் இது கணக்கில் சேராது என்றார்.

இரண்டாவது சோதனையை யாரிடமும் சொல்லாமல் வைத்தார். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் பெருமாளைக் கொண்டு லிஃப்டில் ஏற்றி, வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்குச் சுவிட்சை விழச் செய்துவிட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டார். அதைத் திரும்பத் தொடக்கூடாது என்று பெருமாளிடம் சொல்லிவிட்டார். அரிசி மூட்டை முப்பத்தைந்து நிமிடம் உள்ளே இருந்தது. யூசுப் மூச்சிரைக்க ஓடி வந்தபோது அம்மா மேலேயிருந்து பேசினாராம். இதை அவனே எனக்குச் சொன்னான்.

“ஜும்ஆ தொழுகையில இருந்தேன்மா. போன் சைலண்டு. அப்ப எப்படி எடுக்கறது?”

“தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் வெள்ளிக்கிழமை வச்சேன்.”

“அப்ப என் மேலதான் தப்புன்றீங்களா?”

“உன்னை நான் ஒண்ணும் சொல்லலப்பா. பீஸைத்தான் ரிஜெக்ட் பண்றேன்.”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரியைத் திருப்பித் தந்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். பொறியியலில் நாங்கள் முதலாண்டிலேயே படிப்பது, ஒற்றைப் புள்ளியில் எதையும் தொங்கவிடாதே என்பது. ஒரு தெருவின் பாதுகாப்பு ஒரு நல்ல மனிதனின் சட்டைப்பையில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் குறையாகக் காணவில்லை; நட்பாகக் கண்டேன்.

நாங்கள் மூன்று கைபேசிகளை இணைத்தோம். யூசுபுடையது, பெருமாளுடையது, மூன்றாவதாகக் கன்னியம்மாளுடையது. கன்னியம்மாளைத் தேர்ந்தது அம்மா. காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை அவள் வண்டியை விட்டு நகர்வதில்லை. சுவிட்ச் இருக்கும் இடம் அவளிடமிருந்து இருபது அடி. சங்கத்தினருக்கு இது சற்று உறுத்தியது. அடுக்ககத்தில் வீடு இல்லாதவரிடம் இந்தப் பொறுப்பா என்று செயலாளர் கேட்டாராம். கன்னியம்மாள்தான் அதற்கு விடை சொல்லியிருக்கிறாள். “போன் அடிச்சா சுச்சைத் தூக்கணும். அம்மாந்தானே சார்? அதுக்கு வூடு வாங்கணுமா?”

மூன்றாவது சோதனைக்கு உள்ளே போகிறவர் தானே என்று அம்மா சொன்னார். நான் மறுத்தேன். இரண்டாவது மூட்டை அரிசி வாங்கித் தருகிறேன் என்றேன். “மூட்டைக்குப் பயம் கிடையாதுடா. அது உள்ள இருந்து என்ன தெரியப்போகுது?” என்றார். நாளும் நேரமும் எனக்குக்கூடச் சொல்லவில்லை. பெருமாளுக்கு மட்டும் தெரியும். சுவிட்சைத் தள்ள ஒருவர் வேண்டுமே. அதனால் அவருடைய கைபேசி கணக்கில் சேராது என்று முன்கூட்டியே விதித்துவிட்டார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. எனக்கு இங்கே காலை. தாழ்வாரத்தில் ஈரக் காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பேன். யூசுப் செம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான்; ஒலி கேட்டு இறங்கத் தொடங்கினான். அதற்குள் கன்னியம்மாள் சுவிட்சைத் தூக்கிவிட்டு, லிஃப்ட் கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறாள்.

“யக்கா, உள்ள கீறியா?”

“இருக்கேன்டி.”

“பயந்துகினியா?”

“எண்ணிட்டிருந்தேன். நூத்தி எண்பது ஆச்சு. என்ன பண்ணிட்டிருந்த?”

“கரிப் பொட்டிய எறக்கி வச்சிட்டு வர வேணாமா? டாக்டர் வூட்டுப் பட்டுப் பொடவ. தீஞ்சா நீயா பதில் சொல்லுவ?”

அம்மா அன்று மாலை என்னை அழைத்து, மூன்று நிமிடம், பாஸ் என்றார். பின்னால் அதே சுவர். நாளைக்குக் கீழே போவீர்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

8

யானாவிடமிருந்து ஏற்புக் கடிதம் வந்தது இந்த வியாழக்கிழமை. இன்று ஞாயிறு. வழக்கமான நேரத்தில் அழைத்தேன். மணி முழுதும் ஒலித்து நின்றது. யாழினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யூசுபின் கணினிக்குள் இங்கிருந்தே நுழைந்து, அடுக்ககத்தின் இணைப்பு அறுந்திருக்கிறதா என்று என்னால் பார்க்க முடியும். மடிக்கணினியைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு மூடினேன்.

அரைமணி கழித்து மறுபடியும் அழைத்தேன். எடுத்தார். படம் ஆடியது, ஒரு பேருந்தின் பக்கவாட்டும், கொஞ்சம் வானமும், அருகில் எவரோ ஒரு பெண் சிரிக்கும் வாயும் வந்து போயின.

“ஒண்ணும் கேக்கலடா,” என்றார் அம்மா. “வெண்டைக்கா பொறுக்கிட்டிருக்கேன். எல்லாம் முத்தலா போட்டு வச்சிருக்கான். வையி, அப்புறம் பேசறேன்.”

வைத்துவிட்டார். இரவு வரை அவர் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை.